மங்கள்யானும் ஏழு ரூபாய்க் கணக்கும்

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு கேட்டுக்கு வெளிய வந்தா முதல்ல கண்ணுல படுறது கம்பெனி பஸ், அடுத்தது தண்ணி லாரி. போன வாரம் டீக்கடையில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒரு வீடியோ காட்டினான். செவ்வாயின் பாறைக்குள், 11 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில், திரவமாகவே தண்ணீர் இருக்கலாம் என்று இன்சைட் கலத்தின் நிலநடுக்கப் பதிவுகளை வைத்து 2024-ல் சொன்னார்களே, அதுதான். "அங்க தேட காசு இருக்கு, இங்க நமக்கு இல்லையாண்ணே?" என்றான்.

பழைய கேள்விதான். இதற்கு வழக்கமாக வரும் பதில், "நாம ரொம்ப மலிவா முடிச்சோம்ல!" எனக்கு இரண்டோடும் தகராறு உண்டு. ஆனால் பதிலோடுதான் தகராறு அதிகம்.

முதலில் தம்பியின் கோபம். 2019 ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. பத்தே நாளில் சந்திரயான்-2 கிளம்பியது. அந்த மாதம் குடத்தோடு நின்றவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் கணக்கு வேறு. 2025-26 பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு 13,416 கோடி. மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்கு 26 பைசா போல. அந்தக் கோடையில் வறண்டு கிடந்த இதே செம்பரம்பாக்கம்தான் 2015 டிசம்பரில் நிரம்பி, உபரியைத் திறந்துவிட்டு, அடையாறு ஊருக்குள் வந்தது. வந்த தண்ணீரை நிறுத்திவைக்கத் தெரியாததற்கு ராக்கெட் என்ன செய்யும்.

இப்போது பதிலுக்கு வருவோம். மங்கள்யானுக்கு 450 கோடி. ஹாலிவுட் படத்தை விடக் குறைந்த செலவு என்றார் பிரதமர் மோடி. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய், ஆட்டோவை விட மலிவு என்று இன்னொரு கணக்கு. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். முதல் முயற்சியிலேயே 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனது, ஆறு மாதத்துக்குத் திட்டமிட்ட கலம் 2022 வரை தாங்கியது: இதெல்லாம் அசல் சாதனை. ஆனால் போய் என்ன அளந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

நான் குவாலிட்டியில் இருப்பவன். எங்க ஊர்ல ஒரு கேஜ் நல்ல பீஸையும் ரிஜெக்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால், அது எவ்வளவு மலிவாக வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மங்கள்யானின் மீத்தேன் கருவிக்கு நேர்ந்தது கிட்டத்தட்ட அதுதான். உயிர் இருந்ததற்கான தடயம் தேடப் போகிறது என்று அதிகம் விளம்பரமான கருவி. மீத்தேனின் ஒளி அடையாளத்தையும் கார்பன் டை ஆக்சைடின் அடையாளத்தையும் அதனால் பிரிக்க முடியவில்லை. கடைசியில் தரை எவ்வளவு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வரைபடம் போட அதைப் பயன்படுத்தினார்கள்.

தண்ணீருக்கென்றே ஒரு கருவியும் இருந்தது, லைமன் ஆல்ஃபா ஒளிமானி. எடை இரண்டு கிலோதான். சாதாரண ஹைட்ரஜன் லேசு, எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடும். டியூட்டிரியம் கனம், தங்கிவிடும். செவ்வாயில் டியூட்டிரியத்தின் விகிதம் பூமியை விட ஐந்தாறு மடங்கு. அந்த விகிதத்தை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்கிடுகிறார்கள். அருமையான கேள்வி. ஆனால் அதே வாரம் அங்கே போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன், அந்த ஒரே கேள்விக்காகவே கட்டப்பட்டது. செலவு 67 கோடி டாலர், அன்றைய மதிப்பில் நாலாயிரம் கோடிக்கு மேல். செவ்வாயின் காற்றும் நீரும் எப்படித் தொலைந்தன என்று இன்று யார் எழுதினாலும் பெரும்பாலும் மேவன் தரவைத்தான் எடுக்கிறார்கள்.

இது நம் விஞ்ஞானிகளின் குறை அல்ல. ஜிஎஸ்எல்வி தயாராக இல்லை, பிஎஸ்எல்வியில்தான் போக வேண்டும். மந்திரிசபை ஒப்புதல் வந்தது 2012 ஆகஸ்டில், ஏவியது 2013 நவம்பரில். ஐந்து கருவிகளும் சேர்த்தே சுமார் 15 கிலோ. பதினைந்து மாதத்தில், இந்த எடைக்குள், இதற்கு மேல் யாரால் செய்ய முடியும்? என் புகார், அந்த நெருக்கடியையே நாம் பெருமையாக மாற்றிக்கொண்டதில்.

சரி, அமெரிக்காக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. 2015 செப்டம்பரில் செவ்வாய்ச் சரிவுகளில் உப்புநீர் ஓடுகிறது என்று நாசா பெரிதாக அறிவித்தது. 2017-ல் அது உலர்ந்த மணல் சரிவது போலத்தான் தெரிகிறது என்று இன்னொரு ஆய்வு வந்தது. அதற்கு அந்த ஆரவாரம் இல்லை. தண்ணீர் என்றால் காசு வரும் என்ற நம்பிக்கை அங்கே. ஆனால் செவ்வாய் மண்ணைக் கொண்டுவரும் திட்டம் 1,100 கோடி டாலரில் போய் நின்றது, 2025-ல் நாசாவின் அறிவியல் நிதியில் பாதியை வெட்டச் சொல்லி முன்மொழிவும் வந்தது. அவர்கள் தண்ணீரைக் காட்டிக் கேட்கிறார்கள், நாம் மலிவைக் காட்டிக் கேட்கிறோம்.

இது நமக்கு எதுக்கு என்றால், பக்கத்து வல்லம் வடகாலில் சிப்காட்டின் ஏரோஸ்பேஸ் பார்க் இருக்கிறது. விண்வெளித் தொழிலுக்குத் தனிக் கொள்கையே தமிழக அரசு 2025-ல் கொண்டுவந்துவிட்டது. நாளைக்கு அந்த ஆர்டர்கள் இங்குள்ள வெண்டார் கம்பெனிகளுக்கு வரலாம். வருஷா வருஷம் 'காஸ்ட் டவுன்' என்று ஒரு கடிதம் வந்தால் அது முதலில் யார் தலையில் விடியும் என்று இந்த ரோட்டில் வேலை செய்பவனுக்குத் தெரியும்: டெஸ்டிங்கில் ஒரு ஸ்டெப் குறையும், அப்புறம் கான்ட்ராக்ட் ஆள் குறைவான்.

வெள்ளிக் கிரகத்துக்கு 1,236 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அது புறப்படும் நாளில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற மீம் கண்டிப்பாக வரும். தம்பி அதை எனக்கு அனுப்பினால், எந்தக் கருவி எதை அளக்கப் போகிறது, தரையிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்றுதான் திருப்பிக் கேட்பேன்.