சாவதற்கான உரிமையும் மனுவேலாவின் உழைப்பும்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவைச் சேர்ந்த ரமோன் சம்பெத்ரோ என்னும் கப்பற்றொழிலாளி, 1968 ஆம் ஆண்டில் தமது 25 ஆவது வயதில், பாறையொன்றிலிருந்து கடலுட் பாய்ந்தபோது கழுத்து முறிந்து, தலையொழிந்த உடல் முழுவதும் அசைவற்றுப் போனார். ஏறத்தாழ 29 ஆண்டுகள் படுக்கையிற் கிடந்தார். வாயிற் கோலைக் கவ்வி எழுதினார். தாம் இறப்பதற்கு உதவுவோரைத் தண்டிக்கலாகாது என்று நீதிமன்றங்களை வேண்டினார். அவை செவிசாய்க்கவில்லை. 1998 ஜனவரியில், நண்பர்கள் ஆளுக்கொரு சிறு பணியாகப் பகிர்ந்து செய்த உதவியுடன் நஞ்சருந்தி மாண்டார். எவர்மீதும் குற்றஞ் சாராதிருக்க அவரே வகுத்த ஏற்பாடு அது.

இவ்வாழ்வின் இறுதிக் கட்டத்தை அலெஹாந்த்ரோ அமெனாபார் 2004 இல் ‘மார் அதென்ட்ரோ’ என்னும் திரைப்படமாக்கினார். ‘கடலின் உள்நோக்கி’ எனத் தமிழிற் கூறலாம். சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதை 2005 இல் அது பெற்றது. அவ்வேளை முப்பத்தைந்து வயதைத் தாண்டாத ஹாவியர் பார்டெம், ஐம்பதைக் கடந்த நோயாளியாக, முகத்தையும் குரலையுமன்றி வேறு கருவியெதுவுமின்றி நடித்திருப்பதை எவ்வளவு பாராட்டினும் தகும். படுக்கையை விட்டெழும் ரமோன், புச்சினியின் இசை முழங்க, யன்னல் வழியே பறந்து மலைகளைக் கடந்து கடற்கரையை அடையும் காட்சியைப் பார்த்தோர் எளிதில் மறவார். எனினும் அவ்வழகே நமக்கு ஐயத்தையும் தருகின்றது. பறப்பவன் கீழே விட்டுச் செல்லும் வீட்டில் யார் யார் இருக்கின்றனர்?

அண்ணன் ஹோசே இருக்கின்றான். தம்பியின் பொருட்டுக் கடற்றொழிலைக் கைவிட்டு நிலத்தை உழுபவன். அவன் மனைவி மனுவேலா இருக்கின்றாள். ரமோனின் உடலைப் புரட்டுவதும், கழுவுவதும், ஊட்டுவதும், இரவில் அவன் அழைத்தால் மாடியேறுவதும் அவளே. ஊதியமில்லை, ஓய்வில்லை. அவ்வுழைப்பு உழைப்பென்று அழைக்கப்படுவதுமில்லை. பாசம் என்னும் ஒரு சொல்லால் அது மூடப்பட்டு விடுகின்றது.

படத்திற் பலரும் சிரித்து மகிழும் காட்சி, உடல் முடங்கிய பாதிரியார் ஒருவர் ரமோனுக்குப் புத்திகூற வருவதாகும். குறுகிய படிக்கட்டில் அவருடைய சக்கர நாற்காலி ஏறவில்லை. எனவே இளந்துறவி ஒருவன் கீழுக்கும் மேலுக்குமாக ஓடி வாதங்களைச் சுமக்கின்றான். அங்கதம் கூர்மையானதுதான். ஆனால் திருச்சபையை இவ்வாறு நகைப்புக்கிடமாக்குவது எளிது; எதிராளியை நெறியாளர் தமக்கு வசதியான அளவுக்குத் தறித்துக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். அக்காட்சியின் உயிர் அதன் இறுதியில் உளது. ரமோனுக்குக் குடும்பத்தின் அன்பு போதவில்லை போலும் எனத் தொலைக்காட்சியிற் பேசியவர் அதே பாதிரியார். அவர் புறப்படும்போது மனுவேலா வாய் திறக்கின்றாள். உயிர் எவருக்குரியது என்ற தத்துவம் தனக்குத் தெரியாது, உமது வாய் பெரிதென்பது மட்டும் தெரியும் என்ற கருத்துப்பட அவள் கூறும் சில சொற்கள், வழக்காடுமன்றக் காட்சி முழுவதையும் விட நம்மைத் தைக்கின்றன. உழைத்தவளின் கோபம் அது.

ஆயின் அமெனாபார் அவளுடன் நிற்கவில்லை. நோயுற்ற சட்டத்தரணி ஹூலியா, மீன் தகரத்திலடைக்கும் ஆலையில் வேலை செய்யும் ரோசா என இரு பெண்களின் காதலுக்குள் கதையை நகர்த்திவிடுகின்றார். ரோசாவின் வறுமையும் தனிமையும் கூட ரமோனின் இறுதிப் பயணத்துக்கு ஒரு துணையைத் தேடித்தரும் அளவிலேயே பயன்படுகின்றன.

நாம் ரமோனின் உரிமையை மறுக்கவில்லை. தெளிந்த அறிவுடன் 29 ஆண்டுகள் சிந்தித்த ஒருவனுக்கு அரசும் ஆலயமும் ‘வாழ்’ என ஆணையிடுவது கொடுமையே. இழந்த விடுதலையின் எச்சில் துணுக்குகளை ஏற்க விரும்பாதவனாய் அவன் சக்கர நாற்காலியை ஒதுக்குவதும் அவனது தெரிவே. ஆனால் அவ்வாறு தெரிவதற்கு அவன் முன் வேறு எவை வைக்கப்பட்டிருந்தன என்று படம் ஒருபோதும் வினவவில்லை. ஒரு மாடியறை, ஒரு யன்னல், ஓர் அண்ணியின் கைகள் — இவ்வளவே அவனுடைய உலகம். சமுதாயம் பொறுப்பேற்காத சுமையை ஓர் ஏழைக் குடும்பம் தாங்கும்போது, தான் பிறர்க்குப் பாரம் என்ற உணர்வு முடங்கியவனின் நெஞ்சில் எழுவது தனிமனித உளவியல் மட்டுமாகாது. உடற்குறைபாடுடையோர் பலர் இத்தகைய படங்களைக் கண்டித்தமைக்கு இதுவே காரணம்; அதனை நாம் அலட்சியம் செய்தலாகாது.

படம் வெளிவந்த பின்னர், 2006 இல், பிறரைச் சார்ந்து வாழ்வோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அரச உதவியை உரிமையாக்கும் சட்டம் ஸ்பெயினில் நிறைவேறியது. 2021 ஜூனிலே கருணைச் சாவைச் சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாவை வேண்டுவோருக்கு, நோவு தணிக்கும் மருத்துவம் பற்றியும், சார்ந்து வாழ்வோருக்கான உதவிகள் பற்றியும் எழுத்தில் அறிவித்த பின்னரே வேண்டுகோளை ஏற்கவேண்டுமென அது விதிக்கின்றது. மனுவேலாவின் சமையலறைக்குள் அமெனாபாரின் கமரா தயங்கித் தயங்கியே நுழைந்தது. சட்டத்தின் அவ்வாசகமோ நேரே அங்கு சென்றிருக்கின்றது.