பாரம் அனுப்பிய பிறகு

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்தில் என் அண்ணி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே புலனத்தில் ஆர்டர் வரத் தொடங்கிவிடும். பாதி குரல் பதிவு, மீதி எழுத்து. எல்லாம் ஒரு 555 நோட்டில் ஏறும். போன தீபாவளிக்கு ஒரு வாடிக்கையாளர் நெய் உருண்டையை 4 டின்னிலிருந்து 2 ஆக்கினார், மறுநாள் முறுக்கைக் கூட்டினார், அதற்கு மறுநாள் எடுக்கும் தேதியை முன்னால் தள்ளினார். நோட்டில் இருந்தது முதல் செய்தி மட்டும். அந்தக் குடும்பம் வாசல்வரை வந்து வெறுங்கையோடு திரும்பியதை அண்ணி இன்னும் மறக்கவில்லை.

“கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணு தம்பி. யாராவது மாத்திச் சொன்னா, அந்த மாத்தம் என் கண்ணுல படணும். அவ்வளவுதான்.”

நிரல் எழுதத் தெரியாதவர்களும் பாரம் செய்து வேலையை ஓடவிடலாம் என்று சொல்லும் கருவிகளை இரண்டு மாதம் நான் சோதித்தது இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். பாரம் அழகாக இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுப்பிய பாரத்தை ஒருவர் மாற்றினால் என்ன ஆகிறது என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன.

முதலில் கூகுள் ஃபார்ம்ஸ். காசில்லை, அரை மணி நேரத்தில் பாரம் தயார். அமைப்புகளில் பதிலைத் திருத்த அனுமதித்தால் அனுப்பியவருக்குத் திருத்தும் இணைப்பு கிடைக்கும். மின்னஞ்சலையும் வாங்கி நகல் அனுப்பச் சொன்னால் அந்த இணைப்பு அவர் அஞ்சலிலேயே இருக்கும். வாடிக்கையாளர் 4-ஐ 2 ஆக்கும்போது கூகுள் ஷீட்டில் புது வரிசை முளைக்காது, பழைய வரிசையே மாறும். மாறிய கட்டத்தின் மூலையில் சின்ன முக்கோணம் தெரியும். சுட்டியைக் கொண்டுபோனால், பதில் அளித்தவர் திருத்தினார் என்ற குறிப்பு. அண்ணி கேட்டது ஏறக்குறைய இதுதான்.

ஆனால் கைப்பேசியில் அந்த முக்கோணம் கண்ணில் படாது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சில வரி எழுதி, மாறிய வரிசைக்கு மஞ்சள் பூச வைத்தேன். செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திருத்தம் வரும்போது ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைப்பது மாறிய பதில்கள் மட்டும்; மாறாதவை வெறுமையாக வரும். அதை அப்படியே எடுத்து உறுதிச் செய்தி தயாரித்தால் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாகிவிடும். வரிசை எண்ணைப் பிடித்து, ஷீட்டிலிருந்து முழு வரிசையையும் படிக்கச் சொல்லுங்கள். இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அஞ்சல் போகும் என்பதையும் பண்டிகை வாரத்துக்கு முன்பே கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டிய ரசீதைப் பாரத்திலேயே வாங்கலாம் என்று நினைத்தோம். கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே, பாரத்தை நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தாகவேண்டும். அறுபது வயது அம்மாவிடம் கடவுச்சொல் கேட்டால் அவர் பாரத்தை மூடிவிட்டு அண்ணியை அழைப்பார். அதனால் டூட்நவ் கியூஆரில் கட்டிய ரசீது புலனத்திலேயே வரட்டும், பாரத்தில் அதன் கடைசி நான்கு எண் போதும் என்று முடித்தோம்.

ஜாட்ஃபார்ம் இதைவிடப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. பலகாரப் படம், எண்ணிக்கை, மொத்தத் தொகை எல்லாம் வாடிக்கையாளர் கண்முன்னே கூட்டப்படும். திருத்தும் இணைப்பையும் அனுப்பலாம். ஆனால் இலவசத் திட்டத்தில் மாதம் 100 பாரம்தான். சாதாரண மாதத்துக்கு அது போதும், தீபாவளி மாதத்துக்குப் போதாது. ஒரே ஒரு மாதம் கட்டணம் கட்டத் தயாரென்றால் பலகாரக் கடைக்கு இது நல்ல தேர்வு.

தமிழில் ரசீது கொடுக்க ஆசைப்பட்டேன். நான் சோதித்த ஒரு கருவி பிடிஎஃப் ஆக்கும்போது ‘நெய்’ என்ற சொல்லை உடைத்தது. நகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் யகரத்தை ஒட்டிக்கொண்டது. திரையில் சரியாகத் தெரிந்ததால் அச்செடுத்த பிறகுதான் பார்த்தேன். எந்தக் கருவி வாங்கினாலும் ‘நெய் உருண்டை’, ‘கொண்டைக்கடலை’ என்று இரண்டு சொல் போட்டு ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். நம் எழுத்து சிதைந்து வருவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் நண்பர் நடத்தும் மிருதங்க வகுப்புக்கு வேறு சிக்கல். சேர்க்கைப் பாரத்தில் மைகார்டு எண் கேட்டிருந்தார். தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தால், கோடில்லாமல் எழுதிய 12 இலக்க எண் அறிவியல் குறியீடாகச் சுருங்கிவிடும். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பூஜ்யமும் போய்விடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவமாக இறக்குமதி செய்தால் சரியாகும். ஆனால் நான் அவரிடம் கேட்டது, மிருதங்கம் கற்க மைகார்டு எண் எதற்கு என்று. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகத் தரவு வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொல்கிறது. எண்ணை நீக்கிவிட்டோம், வயதும் பெற்றோர் கைப்பேசியும் போதுமானதாக இருக்கிறது.

பாரத்தையும் மற்றச் செயலிகளையும் கோத்துவிடும் ஜாப்பியர், மேக் இரண்டையும் இதே வகுப்பில் ஓட்டினேன். ஜாப்பியரின் இலவச அளவு மாதம் 100 வேலை. மேக் 1000 தருகிறது, தாராளமாகத் தெரியும். ஆனால் ஷீட்டில் புது வரிசை இருக்கிறதா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்க வைத்தால், ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் ஒரு கணக்கு. நாளுக்கு 96, மாதத்துக்கு 2880. ஒரு பிள்ளைகூடச் சேராமலே பதினோராம் நாளில் அளவு தீர்ந்துவிடும். பாரமே வந்து கதவைத் தட்டும்படி வெப்ஹுக் வைத்தால் இந்த விரயம் இல்லை.

கிள்ளான் துறைமுகத்தில் லாரி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் தோழியின் அலுவலகத்தில் ஏற்கெனவே மைக்ரோசாப்ட் 365 இருந்தது. அங்கே வேறெதுவும் தேடவேண்டியதில்லை. ஓட்டுநரின் டோல், டீசல் செலவுப் பாரம் மைக்ரோசாப்ட் ஃபார்ம்ஸில். மேலாளரின் ஒப்புதல் பவர் ஆட்டோமேட்டில். அவர் அஞ்சலிலேயே பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓர் ஓட்டம் 30 நாளுக்கு மேல் காத்திருக்காது. மேலாளர் நீண்ட விடுப்பில் போனால் அந்தக் கோரிக்கை முடிவில்லாமலே நின்றுபோகும். ஒரு வாரத்தில் நினைவூட்டல், இரண்டாம் வாரத்தில் வேறொருவருக்கு மாற்றம் என்று தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது ஓட்டுநர்களின் கைக்காசைக் காப்பாற்றும்.

மனம் அதிகம் போனது சோஹோ கிரியேட்டர் மேல்தான். சென்னையிலிருந்து வந்து தென்காசி வரை வேர்விட்ட நிறுவனம். கிரியேட்டர் 2006 முதல் இருக்கிறது. ஓர் ஆர்டருக்குள் பல பலகார வரிகள், ஒவ்வோர் ஆர்டருக்கும் நிலைகள்: வந்தது, பணம் வந்தது, பொரித்தாயிற்று, எடுத்துப்போயாயிற்று. பணம் பதியாமல் அடுத்த நிலைக்கு நகர முடியாதபடி கட்டுப்படுத்தலாம். ஷீட்டில் இதைச் செய்யப் பெரும்பாடு. ஆனால் இதற்கு ஆள் கணக்கில் மாதக் கட்டணம் உண்டு. டெலூஜ் என்ற அதன் நிரல்மொழியை வீட்டில் ஒருவராவது கொஞ்சம் கற்றுக்கொள்ளவேண்டும். எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. மூன்று பேருக்கு மேல் வேலை செய்யும் கேட்டரிங் கடை, விருந்து ஆர்டர், முன்பணம், பாத்திரம் திரும்பப் பெறுதல் என்று போகும் இடம் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள்.

அண்ணிக்கு இந்த ஆண்டு கூகுள் ஃபார்ம்ஸ்தான். புலனத்தின் வரவேற்புச் செய்தியில் இணைப்பு இருக்கிறது. குரல் பதிவு அனுப்புகிறவர்களுக்காக அண்ணியின் மகள் அவளே பாரத்தை நிரப்புகிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மறுநாள் பட்டியல் அச்சாகி, அடுப்புக்கு மேலே ஒட்டப்படும். திருத்தம் வந்த வரிசைகள் மஞ்சளில். நேற்று ஏழு மஞ்சள் வரிசைகள் இருந்தன. அண்ணி ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் மாவு பிசைந்தார்.