துப்பறிவாளருக்கு வயதாகுமா?

கொலை மர்மக் கதைகளில் ஒரே துப்பறிவாளரை வைத்து ஆண்டுக்கணக்கில் எழுதப்படும் தொடர்கள் தனி வகை. இறப்பவர் மாறுவார், கொன்றவர் மாறுவார், சில சமயம் ஊரும் மாறும். விசாரிக்க வருபவரும் அவருடைய வீடும் கூட்டாளியும் மாறுவதில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ஒரே கதை பல இதழ்களுக்கு நீளும். இங்கே ஒவ்வொரு கதையும் தனியாக முடிந்துவிடுகிறது. முடியாமல் நீள்வது அந்த ஆட்களின் வாழ்க்கை மட்டும்தான். அந்த வாழ்க்கையில் காலத்தை ஓடவிடுவதா, நிறுத்திவைப்பதா என்ற கேள்வி எல்லா ஆசிரியர்களுக்கும் வந்திருக்கிறது. புதிர் போடுவதில் இவர்களுக்குள் உள்ள வேற்றுமையைவிட இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளில் உள்ள வேற்றுமை பெரிது.

இந்த வகையின் அடிப்படைகளை எட்கர் ஆலன் போ 1841-க்கும் 1844-க்கும் இடையில் எழுதிய மூன்று சிறுகதைகளிலேயே காணலாம். பாரிஸ் நகரில் வசிக்கும் துப்பான், அவரோடு தங்கியிருந்து கதை சொல்லும் பெயரில்லாத நண்பர், வழி தெரியாமல் வந்து நிற்கும் போலீஸ் அதிகாரி என எல்லாமே அங்கே உண்டு. ஆனால் மூன்று கதைகளில் ஓர் ஆளோடு பழக்கம் ஏற்பட்டுவிடாது. 1860-களில் பிரான்சில் எமில் கபோரியோ எழுதிய லெகாக் நாவல்களில் அது சற்றுக் கூடியது. பழக்கத்தையே விற்பனைச் சரக்காக்கியவர் ஆர்தர் கானன் டாயில்.

ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றிய முதல் இரு நாவல்கள் 1887-இலும் 1890-இலும் வெளிவந்தபோது பெரிய பரபரப்பு எழவில்லை. 1891 ஜூலையில் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் சிறுகதைகள் தொடங்கியதும் நிலைமை மாறியது. டாயிலின் கணக்கு எளிமையானது. தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்டவர் பிறகு திரும்பி வருவதில்லை. தனித்தனிக் கதைகளோ ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு இதழிலும் முழுக்கதை, ஆனால் அதே நாயகன் என்றால் இரண்டு குறையும் தீரும். ரயிலில் படிப்பதற்கு இதழ் வாங்கிய காலத்தில் பிறந்த இந்த ஏற்பாட்டையே பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களும் எடுத்துக்கொண்டன.

1893-இல் டாயில் தம் நாயகனை அருவியில் தள்ளினார். வாசகர்கள் கொதித்தார்கள். 1901-இல் வந்த நாவலை, ஹோம்ஸ் இறப்பதற்கு முன்னால் நடந்ததாகச் சொல்லிச் சமாளித்தார். 1903-இல் அவரை உயிரோடு திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. 1927-இல் தொடர் முடிந்தபோது நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் சேர்ந்திருந்தன. வேண்டாவெறுப்பாகவும் எழுதியதால் பிசகுகள் நிறைய. ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டு முதல் நாவலில் தோளில் இருக்கிறது, இரண்டாவதில் காலில் வலிக்கிறது. வாசகர்கள் இதைக் கண்டு தொடரைக் கைவிடவில்லை. எந்தக் காயம் உண்மை என்று வாதாட உட்கார்ந்தார்கள். 1911-இலேயே ரொனால்ட் நாக்ஸ் இக்கதைகளை வேத நூலைப் போல ஆராய்ந்து ஒரு கேலிக் கட்டுரை படித்தார். கேலியாகத் தொடங்கிய அந்த விளையாட்டு இன்றும் ஓயவில்லை.

பழகிய ஆட்கள் வருவதால் புதிரின் சட்டமும் மாறுகிறது. தனி நாவலில் எவரும் கொலையாளியாக இருக்கலாம், எவரும் சாகலாம். தொடரில் நான்கைந்து பேர் முதல் பக்கத்திலேயே சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்கள். அடுத்த புத்தகத்துக்கும் அவர்கள் தேவை. எட் மெக்பெயின் 87-ஆவது காவல் வட்டாரத் தொடரின் மூன்றாம் நாவலில் ஸ்டீவ் கரேலாவைச் சாகவிட நினைத்தார். பதிப்பாளர் தரப்பு சம்மதிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கரேலா பிழைத்தார், 2005 வரை வேலை பார்த்தார். இந்தப் பாதுகாப்பு வளையத்தை வாசகர் எவ்வளவு நம்புகிறார் என்பதை அகதா கிறிஸ்டி நன்றாக அறிந்திருந்தார். தம் துப்பறிவாளர் பொய்ரோவின் தோழர் ஹேஸ்டிங்ஸை மணம் முடித்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டு, வேறொருவரைக் கதை சொல்ல வைத்து அவர் 1926-இல் வெளியிட்ட நாவலில் என்ன நடந்தது என்பதைப் படிக்காதவர்களிடம் சொல்வது பாவம்.

காலத்தை நிறுத்திவைத்தவர்களில் கிறிஸ்டியே முதன்மையானவர். எர்க்யூல் பொய்ரோ 1920-இல் அறிமுகமாகும்போதே பெல்ஜிய போலீஸிலிருந்து ஓய்வு பெற்று, போர் அகதியாக இங்கிலாந்து வந்தவர். அதன்பின் அரை நூற்றாண்டு உழைத்தார். கணக்குப் போட்டால் கடைசி வழக்குகளில் அவருக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். இளையவராகப் படைத்திருக்கலாமே என்று கிறிஸ்டி பின்னாளில் வருந்தினார். வருத்தத்தைக் கதைக்குள்ளும் கொண்டுவந்தார்: பொய்ரோவின் தோழியாக வரும் எழுத்தாளர் அரியாட்னி ஆலிவர், தமக்கு அறவே பழக்கமில்லாத பின்லாந்துக்காரர் ஒருவரைத் துப்பறிவாளராகப் படைத்துவிட்டு, வாசகர் விடாததால் அவரையே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வார்.

அமெரிக்காவில் ரெக்ஸ் ஸ்டவுட்டுக்கு இந்த வருத்தமே இல்லை. 1934 முதல் 1975 வரை நீரோ உல்ஃபுக்கும் உதவியாளர் ஆர்ச்சி குட்வினுக்கும் ஒரு வயதுகூடக் கூடவில்லை. வெளியே போர் வந்தது, அதிபர்கள் மாறினார்கள், 1965-இல் எஃப்.பி.ஐ. அமைப்போடு மோதலே வந்தது. நியூயார்க் 35-ஆவது தெரு வீட்டுக்குள் காலை 9 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் உல்ஃப் மாடியில் ஆர்க்கிட் செடிகளோடுதான் இருப்பார். கொலையாளியே வாசலில் நின்றாலும் இறங்கிவர மாட்டார். வழக்கு என்னவென்பது மறந்துபோனவருக்கும் அந்த வீட்டின் நேர அட்டவணை மறப்பதில்லை. இந்தத் தொடரில் பல நாவல்களின் புதிர் சுமார்தான். அதைப் பொருட்படுத்தும் வாசகர் குறைவு.

ஜார்ஜ் சிமெனோன் எழுதிய மெக்ரே தொடர் காலத்தை நிறுத்துவதற்கும் ஓடவிடுவதற்கும் நடுவில் நிற்கிறது. 75 நாவல்கள், 28 சிறுகதைகள். பாரிஸின் காவல் தலைமையகம், ரிஷார் லெனுவார் சாலையில் ஒரு குடியிருப்பு. 1934-இல் ஒரு நாவலில் மெக்ரேயை ஓய்வு பெற வைத்துத் தொடரை முடித்த சிமெனோன், சில ஆண்டுகளில் எதுவும் நடக்காததுபோல அவரைப் பணியில் உட்கார்த்தி 1972 வரை எழுதினார். ஆண்டுகளை எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் பருவங்கள் துல்லியமானவை: மழைக்கால மாலை, முதல் வெயில் நாள், அலுவலகத்துக்கு வெந்நீர்க் குழாய் வந்தபின்னும் மெக்ரே விடாப்பிடியாக வைத்திருக்கும் பழைய கரி அடுப்பு. விசாரணை இரவைத் தாண்டி நீண்டால் பக்கத்து உணவகத்திலிருந்து பீரும் சாண்ட்விச்சும் மேலே வரும். மேடம் மெக்ரே சமைத்துவிட்டுக் காத்திருப்பார். கணவர் சாப்பிட வர மாட்டார். மெக்ரே தடயங்களை அலசுவதில்லை. செத்தவர் வாழ்ந்த தெருவில் போய் உட்கார்ந்து அந்த வாழ்க்கை தமக்குப் பழகும்வரை காத்திருப்பார். வாசகர் மெக்ரேயிடம் செய்வதும் அதேதான். மொத்தத் துறையிலும் முறையும் வாசிப்பும் இவ்வளவு ஒத்துப்போகும் தொடர் வேறில்லை எனலாம்.

காலத்தை ஓடவிட்டவர்களில் டாரதி சேயர்ஸ் முன்னோடி. 1923-இல் விளையாட்டுப் பிள்ளையாக வந்த பீட்டர் விம்சி பிரபு, 1930 நாவலில் கொலைக் குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் ஹாரியட் வேனைக் காதலிக்கிறார். மணம் முடித்து விம்சியைக் கைகழுவிவிடலாம் என்றுதான் சேயர்ஸ் நினைத்தார். ஆனால் தன் உயிரைக் காத்தவருக்கு நன்றிக்கடனாகக் கழுத்தை நீட்ட ஹாரியட்டின் தன்மானம் இடம் தரவில்லை. சம்மதம் கிடைக்க 1935 ஆயிற்று. அதற்குள் விம்சி வேறு மனிதராகியிருந்தார்.

ஸ்வீடனில் மை ஷெவால், பெர் வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றாகப் பத்து நாவல்கள் எழுதினார்கள். பத்தும் சேர்ந்து ஒரே பெரிய நாவல் என்பதும், ஸ்வீடனின் நலவாழ்வு அரசு உள்ளே எப்படி இருக்கிறது என்று திறந்து காட்டுவதும் தொடக்கத்திலேயே போட்ட திட்டம். நாயகன் மார்ட்டின் பெக்கின் மணவாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் நைந்து முறிகிறது. நெருங்கிய சகா கோல்பெர்க் ஒன்பதாம் நாவலில் போலீஸ் வேலையையே உதறுகிறார். எட்டு நாவல்களாக அவரோடு பழகிய வாசகருக்கு அந்த ராஜினாமாக் கடிதம் எந்தக் கொலையையும்விடப் பெரிய அதிர்ச்சி. தனி நாவலால் இதைச் செய்ய முடியாது. பத்தாவது நாவல் வந்த 1975-ஆம் ஆண்டிலேயே வாலூ காலமானார்.

ஸ்காட்லாந்தின் ஐயன் ராங்கின், தம் போலீஸ் நாயகன் ரீபஸை நாட்காட்டிப்படியே வயதாக விட்டார். 1987-இல் தொடங்கிய ரீபஸுக்கு 2007-இல் அறுபது, விதிப்படி ஓய்வு. 2012-இல் பழைய வழக்குகளைக் கிளறும் வெளியாளாகத்தான் அவரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. ஸூ கிராஃப்டன் வேறொரு வழி கண்டார். ஆங்கில அகரவரிசைப்படி 1982-இல் தொடங்கி 35 ஆண்டுகள் எழுதினார். ஆனால் அவருடைய துப்பறிவாளர் கின்ஸி மில்ஹோனுக்குக் கழிந்தவை ஏழு ஆண்டுகளே. அதனால் கடைசி நாவலிலும் கைப்பேசி கிடையாது. 25-ஆவது எழுத்தோடு 2017-இல் கிராஃப்டன் இறந்தார். வேறெவரும் முடித்துவைக்கக் குடும்பத்தார் இசையவில்லை.

இந்தியாவில் வங்காளம் இரண்டு வழிகளையும் கண்டது. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் தொடங்கிய பியோம்கேஷ், வழக்கு ஒன்றில் சந்தித்த சத்யவதியை மணந்து, மகனைப் பெற்று, நடுவயதைக் கடந்து, வீடும் கட்டுகிறார். நடுவே ஆசிரியர் பம்பாய்த் திரைப்பட உலகுக்குப் போனதால் தொடர் பல ஆண்டுகள் நின்றும் போனது. 1965-இல் சிறுவர் இதழான ‘சந்தேஷ்’-இல் சத்யஜித் ராய் தொடங்கிய ஃபெலுதா என்றும் இளைஞர். எழுத்தாளர் பாத்திரமான ஜடாயு 1971-இல் வந்து சேர்ந்தபின் சிரிப்புக்காகவே படிப்பவர்களும் கூடினார்கள்.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோம்ஸ் கதைகளைத் தழுவி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கும் போனார். ஆயினும் வாசகர்களின் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டவர் தேவனின் துப்பறியும் சாம்பு. 1942-இல் ஆனந்த விகடனில் தொடங்கி 50 கதைகள். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த சாம்பு அசடு. அவருடைய உளறலும் தடுமாற்றமும் தற்செயலாகக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். துப்பறிவாளருக்கு மட்டும் எதுவும் புரியாத இந்த ஏற்பாடு உலகத் தொடர்களிலேயே அரிது. அதே சாம்புவுக்கு வேம்புவோடு கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. அசட்டுத்தனம் குறையாமலே ஆள் குடும்பஸ்தர் ஆகிவிடுகிறார்.

தமிழ்வாணனின் சங்கர்லால் நேர் எதிர். தவறே செய்யாதவர், உலகெங்கும் பறப்பவர், தேநீருக்குமேல் எதையும் தொடாதவர். இந்திரா, மாது, கத்தரிக்காய் என்று சுற்றியிருப்பவர்களால்தான் அவர் மனிதராகத் தெரிகிறார்.

சுஜாதாவின் கணேஷ் 1968-இல் ‘நைலான் கயிறு’ நாவலில் தனியாகத்தான் வந்தார். பின்னால் ஜூனியராக வசந்த் சேர்ந்தபிறகே தொடருக்குச் சூடு பிடித்தது. கணேஷ் நிதானம், சட்டம், தர்க்கம். வசந்த் வாய்த்துடுக்கு, சபலம், குறுக்குப் புத்தி. ‘பாஸ்’ என்று அவன் ஆரம்பித்தாலே வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் பேய் உண்டா என்ற கேள்வியே இருவருக்கும் இடையிலான வாக்குவாதமாக நடக்கிறது; புதிரின் கனம் வழக்கில் இல்லை, அந்த வாதத்தில் இருக்கிறது. மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை வசந்த் எடுக்கும்போதெல்லாம் யாராவது தடுத்துவிடுவார்கள். கோலின் டெக்ஸ்டரும் இதே போன்ற ஒன்றைச் செய்தார்: 1975-இல் தொடங்கிய மோர்ஸின் முதற்பெயரை 1996 வரை சொல்லாமல் வைத்திருந்தார். டெக்ஸ்டர் கடைசியில் சொல்லிவிட்டார்; சுஜாதா சொல்லவேயில்லை.

1980-களின் மாத நாவல்கள் இந்தப் பழக்கத்தைப் பேருந்து நிலையக் கடைவரை கொண்டுசென்றன. ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என மூன்று இணைகள் ஒரே காலத்தில் ஓடின. சுசீலாவின் டி-ஷர்ட்டில் இந்த மாதம் என்ன வாசகம் என்பது கொலைக்குச் சமமான எதிர்பார்ப்பு. இவற்றை வரிசைப்படி படித்தவர் குறைவு. வாடகை நூல் நிலையத்தில் எது கையில் சிக்கியதோ அதுதான். ஆகவே ஆசிரியர்கள் ஒவ்வொரு நாவலிலும் நாயகரைப் புதிதாக அறிமுகப்படுத்தினார்கள், வயதையும் தொடவில்லை.

எதை முதலில் படிப்பது என்பதற்கும் தொடருக்குத் தொடர் விடை மாறும். பெக், ரீபஸ், ஹாரியட் வரும் விம்சி நாவல்களை வெளிவந்த வரிசையில் படிக்காவிட்டால் பாதி போய்விடும். உல்ஃபையும் மெக்ரேயையும் எங்கிருந்தும் தொடங்கலாம். பொய்ரோவையும் பெரும்பாலும் அப்படியே. இரண்டு விலக்குகள் உண்டு. போர்க்காலத்தில் எழுதிப் பூட்டிவைக்கப்பட்டு 1975-இல் வெளிவந்த ‘கர்ட்டன்’ அவருடைய மரணத்தைச் சொல்வது. அதற்கு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியே போட்டது. அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். 1937-இல் வந்த ‘டம்ப் விட்னஸ்’ நாவலில் பொய்ரோ பேச்சுவாக்கில் முந்தைய நான்கு நாவல்களின் கொலையாளிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டுவிடுகிறார். அந்த நான்கையும் முடிக்காதவர் அதைத் திறக்காமல் இருப்பது நல்லது.