கணக்கில் வராத பதில்கள்

எங்கள் பேட்டைக் கிளை நூலகம். ஒரு சனிக்கிழமை காலை. புத்தகத்தைப் புதுப்பிக்கலாம் என்று போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை, மஞ்சள் பைதான் இருந்தது. அதிலிருந்து கசங்கிய கவர் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஏம்மா, பேங்க்லேர்ந்து வந்திருக்கு. என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் பாரேன்."

நூலகர் பார்த்தார். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கச் சொல்லி வந்த கடிதம். அதற்கு எங்கே போகவேண்டும், என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு போதுமா?" என்றார். அதற்கும் பதில் வந்தது. அடுத்து ஒரு பையன், குரூப் 4 பழைய வினாத்தாள் கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு அம்மா. பாப்பாவுக்கு ஸ்கூலில் பறவைகள் பற்றி ப்ராஜெக்டாம். "படம் நிறைய இருக்கணும் மேடம், எழுத்து கம்மியா இருக்கணும்." என் முறை வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

மூடுகிற நேரத்தில் நூலகர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். வருகை எத்தனை, இரவல் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை. நான் சும்மா இல்லாமல், "அந்தப் பெரியவர் இதுல எங்க வருவார் மேடம்?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருந்தா வருகைல வந்திருப்பார் சார். போடலையே. அப்ப அவர் வரவே இல்லைன்னு அர்த்தம்."

நான் பி.காம். படித்தவன். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று முதல் வருஷமே தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கடையில் வேலை நடந்து, சரக்கும் போய், பில்லில் மட்டும் வரவில்லை என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. நூலகத்தில் இது தினசரி நடக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த நினைப்போடுதான் ஒரு ஆவணப்படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். 'எக்ஸ் லிப்ரிஸ்'. அமெரிக்க இயக்குநர் ஃப்ரெடெரிக் வைஸ்மன் 2017-ல் எடுத்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'இன்னாருடைய புத்தகம்' என்று சீட்டு ஒட்டுவார்களே, அதில் இருக்கும் லத்தீன் வார்த்தைகள்தான் தலைப்பு. படம் நியூயார்க் பொது நூலகத்தைப் பற்றியது. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்குமே, ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள், 1911-ல் திறந்த அந்தக் கட்டிடமும் அதன் கிளைகளும். நியூயார்க் என்றாலும் ஊர் முழுவதற்கும் அல்ல. மன்ஹாட்டன், பிராங்ஸ், ஸ்டேட்டன் தீவு மட்டும்தான் இவர்கள் பொறுப்பு. புரூக்ளினுக்கும் குயின்ஸுக்கும் தனித்தனி நூலக அமைப்புகள்.

படத்தின் நீளம் 197 நிமிடம். பயப்படாதீர்கள். நம் ஊரில் இதைவிட நீளமான படங்களை இன்டர்வெலில் ஒரு பாப்கார்னோடு பார்த்துத் தீர்த்தவர்கள்தானே நாம். என்ன, இதில் பாட்டு, ஃபைட் இல்லை. அதோடு பின்னணிக் குரல் இல்லை, கேமராவைப் பார்த்துப் பேசும் பேட்டி இல்லை, பேசுகிறவர் யார், என்ன பதவி என்று கீழே எழுத்தும் ஓடாது. வைஸ்மன் தன் படங்களையெல்லாம் இப்படித்தான் எடுத்தார். நாமும் ஓர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு ஊழியர் உட்கார்ந்திருக்கிறார். பொதுமக்கள் ஃபோனில் எதைக் கேட்டாலும் தேடிச் சொல்வது அவர் வேலை. அந்தப் பக்கம் யாரோ ஒற்றைக் கொம்புக் குதிரையைப் பற்றிக் கேட்கிறார்கள். அது கற்பனை மிருகம்தான் என்பதை இவர் பொறுமையாக, துளிக்கூட சிரிக்காமல் சொல்கிறார். அதோடு விட்டுவிடவில்லை. பழைய ஆங்கிலப் பிரதியில் அது எங்கே வருகிறது என்று தேடி எடுத்து, வாயில் நுழையாத அந்த வரியைப் படித்தும் காட்டுகிறார். கேட்டவர் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஊழியரின் முகம் மட்டும்தான். 'இது என்ன கேள்வி' என்கிற பாவம் அந்த முகத்தில் ஒரு நொடிகூட வரவில்லை. எங்கள் நூலகர் ஆதார் ஜெராக்ஸுக்குப் பதில் சொன்னபோது அவர் முகத்திலும் அது இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் முகத்தில்தான் இருந்திருக்கிறது.

இப்படிப் பல காட்சிகள். பார்வையற்றவர்களுக்கான கிளையில் பிரெய்ல் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் இன்டர்நெட் இல்லாதவர்களுக்கு, புத்தகம் மாதிரியே ஒரு குட்டி மோடத்தை இரவல் கொடுத்து, இயக்குவது எப்படி என்று விளக்குகிறார்கள். பிராங்ஸில் வேலைவாய்ப்பு முகாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு வகுப்பு. இவர்களில் யாரும் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கவில்லை. நூலகர் என்றால் மூக்குக் கண்ணாடி, 'உஷ்' என்கிற அதட்டல் என்று சினிமா நமக்குப் பழக்கி வைத்த பொம்மையை வைஸ்மன் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டார். இந்த ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் எனக்குச் சண்டையும் உண்டு.

படத்தில் திரும்பத் திரும்ப ஒரு கான்ஃபரன்ஸ் அறை வருகிறது. நூலகத் தலைவரும் பெரிய அதிகாரிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். நகராட்சியிடமிருந்து வருகிற பணம், தனியார் கொடுக்கிற நன்கொடை, ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பெறுவது எப்படி? மின்நூல் வாங்கவா, அச்சுப் புத்தகம் வாங்கவா? வீடில்லாதவர்கள் உள்ளே வந்து தூங்கினால் என்ன செய்வது? எல்லாம் முக்கியமான விஷயங்கள்தான். பட்ஜெட் என்றால் எனக்கு ருசி என்பதால் நான் கொட்டாவி விடாமல் பார்த்தேன். ஆனால் கடைசி விஷயத்தை யோசியுங்கள். தூங்குகிறவரைப் போய் எழுப்பப் போவது யார்? கவுன்ட்டரில் இருப்பவர்தானே? அவருடைய குரல் அந்த மேஜையில் எவ்வளவு கேட்கிறது? சம்பளம் என்ற பேச்சு மூன்றேகால் மணி நேரத்தில் காதில் விழுந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம் அந்த பெல்ட். திரும்பி வந்த புத்தகங்களைக் கிளை வாரியாகப் பிரிக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், ஏர்போர்ட்டில் பெட்டி வருமே அந்த மாதிரி. ஊழியர்கள் புத்தகத்தை எடுத்து எடுத்து அதன் மேல் வைக்கிறார்கள். கேமரா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மேடையில் பேச வந்த ரிச்சர்ட் டாக்கின்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ, பாட்டி ஸ்மித் எல்லோருக்கும் நிமிடக் கணக்கில் நேரம் கிடைக்கிறது. அவர்கள் பேச்சை யூ டியூபில் தேடினால் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் என்ன பேசுவார் என்று வேறு எங்கே போய்த் தேடுவது? விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சமைத்தவரைப் புகைக்கூண்டு வழியாகக் காட்டிய மாதிரி இருக்கிறது.

வைஸ்மனைக் கொஞ்சம் மன்னிக்கலாம். பேட்டி எடுப்பதில்லை என்பது அவர் விரதம். தானாகப் பேசுகிறவர்கள்தான் அவர் படத்தில் பேசுவார்கள். மீட்டிங்கில் இருப்பவர்களுக்குப் பேசுவதே வேலை. பெல்ட்டில் இருப்பவர்களுக்குப் பேசாமல் இருப்பதுதான் வேலை. அப்படியானால் அந்த விரதமே ஒரு பக்கமாகச் சாய்ந்துதானே இருக்கிறது?

அந்த அறையில் பேசிய பணக் கவலை வெறும் பேச்சாகவும் போகவில்லை. 2023 நவம்பரில் நகராட்சி பட்ஜெட்டை வெட்டியபோது ஞாயிற்றுக்கிழமை சேவையையே நிறுத்தினார்கள். 2024-ல் பணம் திரும்பி வந்த பிறகுதான் ஞாயிறும் திரும்பி வந்தது.

இதே நூலகத்தில் நடந்த இன்னொரு சமாசாரம் படத்தில் இல்லை. 2014-ல் ஊழியர்கள் ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுத்தார்கள். உள்ளே அட்டை அட்டையாகக் கேள்விகள். 1940-களிலிருந்து 1980-கள் வரை ஜனங்கள் நேரிலும் ஃபோனிலும் கேட்டவற்றில் விசித்திரமானவற்றை யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். யானை துரத்துவது போலக் கனவு வந்தால் என்ன அர்த்தம் என்று ஒருவர். கண் இமை முடிக்கு ஆயுசு எவ்வளவு என்று இன்னொருவர். இவற்றை இன்ஸ்டாகிராமில் போட, ஊரே சிரித்தது. 2019-ல் புத்தகமாகவும் வந்தது. சிரிப்பு இருக்கட்டும். எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லாத வேலைக்கு, மேலிடம் கேட்காமலே, ஊழியர்கள் தாங்களாக ஒரு பேரேடு போட்டு வைத்திருக்கிறார்கள். வைஸ்மனின் படத்துக்கு நிகரான ஆவணம் இது என்பேன்.

படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு எங்கள் நூலகரிடம் கொடுத்தேன். "மூணேகால் மணி நேரமா!" என்று மிரண்டார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. இரண்டு வெள்ளிக்கிழமைகளில் பார்த்து முடித்துவிட்டார். மூன்றாம் நிலை நூலகர், நூலகவியல் படித்தவர், என்னைவிடக் கூர்மையாகத்தான் பார்த்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்த ஃபோன்ல பேசறாரே, அவர் முன்னாடி க்யூவே இல்லையே? எனக்கும் எதிர்ல ஆள் இல்லாம உக்கார வெச்சா ஒற்றைக் கொம்புக் குதிரை என்ன, ஐராவதத்தையே தேடித் தருவேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. அங்க புத்தகம் தொலைஞ்சா யார் தலைல சார் விழும்? அதைப் படத்துல காட்டவே இல்லையே."

இதைத்தான் நான் கேட்டிருக்கவேண்டும், பி.காம். படித்தவன். தாமதத்துக்கு அபராதம் வாங்குவதை நியூயார்க்கில் 2021 அக்டோபரில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். தொலைந்துபோனதற்கு விலையை வாசகரிடம் கேட்பார்கள். ஆனால் அலமாரியிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போனால்? நம் மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. இரவல் போனதும் எடுத்துப் பார்த்ததுமாக வருஷத்தில் ஆயிரம் புத்தகம் புழங்கினால், ஐந்து தொலைவது நியாயமான நஷ்டம். ஊழியரின் நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை என்றாலோ அரிய நூல் என்றாலோ கட்டாயம் விசாரணை உண்டு. ஒழுங்கான விதி. ஆனால் அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு எழுதப்பட்டது. பேட்டைக் கிளை நூலகர் மாநில அரசு ஆள். அவருக்குக் கனவில் வருவது யானை இல்லை, இருப்பு சரிபார்ப்பு.

பயந்தவர் என்ன செய்வார்? பீரோவைப் பூட்டுவார். விலையுயர்ந்த புத்தகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்ற கணக்கு வாத்தியார், புத்தகம் இருப்பது புழங்குவதற்கே என்பதைத்தான் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்று கொண்டாடி, படத்துக்கு மாலை போடுகிறோம். மறுநாள் வழக்கம்போல சாவிக்கொத்தைத் தேடுகிறோம். குற்றம் சாவியை வைத்திருப்பவருடையது இல்லை. புத்தகம் தொலைந்தால் எழுத ஒரு பத்தி இருக்கிறது. பெரியவருக்குக் கடிதம் படித்துச் சொன்னதை எழுத ஒரு பத்தி இல்லை. இந்த மாதிரிப் பேரேட்டைக் கையில் கொடுத்தால், எந்த மனுஷரும் கொஞ்ச நாளில் ஸ்டோர் கீப்பர் ஆகிவிடுவார். எங்கள் நூலகர் இன்னும் ஆகாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அந்த மீட்டிங் சீன் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது சார்" என்றார் திடீரென்று.

"எதுக்கு? எனக்கு அதுதான் ஜாஸ்தின்னு பட்டது."

"பெரிய பெரிய அதிகாரிங்க, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, நன்கொடை எப்படி வாங்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கறாங்க பாருங்க. இங்க அதையும் நானேதான் பண்றேன்."

உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. நியூயார்க்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கவலைப்படுகிற விஷயத்துக்கு நாம் அப்போதே சட்டம் போட்டோம். அப்படியும் கிளை நூலகர் ஆயிரம் ரூபாய்ப் புரவலர்களைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். மளிகைக் கடையில் 'அப்புறம் வாங்க மேடம்' என்பார்கள். மருந்துக் கடையில் 'ஓனர் இல்லை'. இதுவும் வேலை நேரம்தான், இதற்கும் பதிவேட்டில் இடம் இல்லை. ரசீது கிழித்தால் மட்டும் உண்டு.

இதையெல்லாம் கேட்டு நான் ரொம்ப அனுதாபமாகத் தலையாட்டியிருக்கவேண்டும். மேஜை டிராயரைத் திறந்து ரசீது புத்தகத்தை எடுத்தார். நடுவில் கார்பனைச் செருகினார். பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிஷியல் என்ன சார்?"