ஐயத்துக்கு மறுமொழி

ஐயுறுபவனை நாத்திகன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கிறிஸ்தவ விசுவாசியான தாஸ்தாயெவ்ஸ்கி, 'கரமசோவ் சகோதரர்கள்' (1880) நாவலில் அவ்வழியை நாடவில்லை. தம் விசுவாசத்துக்கு எதிரான வாதத்தை இவான் வாயிலாக முழு வலிமையோடும் பேசவிடுகிறார்.

பண்ணையடிமைச் சிறுவன் எறிந்த கல், நிலப்பிரபுவான தளபதியின் வேட்டைநாயைக் காயப்படுத்துகிறது. தளபதி, தாயின் கண்ணெதிரே அச்சிறுவன்மீது நாய்களை ஏவிக் கொல்கிறான். இக்கண்ணீரை விலையாகக் கொண்ட சுவர்க்கம் வேண்டாம் என்கிறான் இவான். அவன் கடவுளை மறுக்கவில்லை. அநீதியின்மேல் எழும் சமாதானத்தையே மறுக்கிறான்.

அவனுக்கு மறுமொழியாகத் துறவி சோசிமாவின் அன்பு வாழ்வை ஆசிரியர் முன்வைக்கிறார். ஐயத்தை வாதத்தால் வாயடைக்க முயலாத இந்நேர்மையை நாம் மதிக்கிறோம். எனினும், அன்பு தாயின் கண்ணீரைத் துடைக்கலாம். நாய்களைக் கட்டுவது யார்? ரஷ்யப் பண்ணையடிமை முறைகூட, பிரபுக்களின் மனமாற்றத்தாலன்று, 1861இல் சட்டத்தாலேயே ஒழிந்தது.

தளபதியை என்ன செய்யலாம் என்று இவான் கேட்கையில், மடத்து இளைஞனான அல்யோஷாவே, சுட்டுவிட வேண்டும் என்கிறான். மறுகணம் அச்சொல்லுக்காக அவன் நாணினாலும், விசுவாசமும் ஐயமும் அங்கே ஒரே பக்கத்தில் நின்றுவிடுகின்றன. கடவுளுக்காக வழக்காடுமுன் அச்சிறுவனுக்காக வழக்காடும் விசுவாசமே ஐயத்துக்கு மறுமொழி கூறும் தகுதி உடையது என்போம்.