முட்டைவடிவச் சட்டத்துக்குள் யார்?

ராபர்ட் நாந்தேய் (1623-1678) செப்புத்தகட்டில் செதுக்கிய உருவப்படங்கள் இருநூறுக்கு மேல். பதினான்காம் லூயியின் அரசவைப் பெருந்தலைகள் பலரும் அவற்றில் உண்டு. 'அரசவைக் கலை, வெறும் ஜால்ரா' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது நம்மாட்களின் வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் அத்தோடு வாசிப்பு முடிந்துபோகிறது. இந்தப் படங்கள் என்ன வேலை செய்தன என்ற கேள்வி எழுவதேயில்லை.

நிதிப் பொறுப்பிலிருந்த நிக்கோலா ஃபூக்கேயை நாந்தேய் 1661இல் செதுக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 5இல் அரசரின் ஆணைப்படி ஃபூக்கே கைதானார். 1680இல் சிறையிலேயே செத்தார். அவரைக் கவிழ்ப்பதில் முன்னின்றவர் ழான்-பாப்டிஸ்ட் கொல்பேர், ரேன்ஸ் நகரத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவரையும் நாந்தேய் பலமுறை செதுக்கியிருக்கிறார். அதே வழக்கமான அமைப்புதான்: முட்டைவடிவச் சட்டம், மார்பளவு உருவம், அமைதியான பார்வை. உள்ளே இருக்கிற ஆள் மாறலாம். சட்டம்தான் பதவி, அது காலியாகவே இருப்பதில்லை.

முகத்தை நாந்தேய் குறுங்கோடுகளாலும் புள்ளிகளாலும் கட்டுகிறார். தோலின் மென்மை, கண்ணின் ஈரம் எல்லாம் உளியின் வேலை. இவ்வளவு நுட்பமும் சேர்ந்து 'இதோ ஒரு தனிமனிதர்' என்று நம்மை நம்பவைக்கிறது. கைகள் மட்டும் படத்தில் இல்லை. கொல்பேரோ வாளால் அல்ல, கையெழுத்தால் ஆண்டவர். வரிகள், கப்பற்படை, 1664இல் நிறுவப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி (பின்னால் புதுச்சேரிக்கு வந்த அதே கம்பெனி) எல்லாம் காகிதத்தில் நகர்ந்த அதிகாரங்கள். ஓவியம் ஒரு சுவரில் தொங்கும். அச்சுப்படமோ ஆணைகளைப் போலவே காகிதத்தில் ஊர் ஊராகப் போகும்.

காலனிகளில் அடிமைகளை எப்படி ஆள்வது, எப்படித் தண்டிப்பது என்று வகுத்த 'கறுப்புச் சட்டம்' கொல்பேர் தயாரிக்கத் தொடங்கியது. 1683இல் அவர் இறந்தார். சட்டம் நின்றதா? மகன் செஞ்ஞெலே கடற்படை அமைச்சராக இருந்து முடிக்க, 1685இல் வெளியானது. முகம் போனது, சட்டகம் வேலை செய்தது.

2020 ஜூனில் பாரீஸ் நாடாளுமன்றத்தின் முன்னுள்ள கொல்பேர் சிலைமீது செஞ்சாயம் ஊற்றினார்கள். நியாயமான கோபம். சாயம் வழிந்தது அந்த ஒரு மனிதர்மீது. நாந்தேயின் படங்களும் நம்மை அந்த ஒரு மனிதரையே பார்க்கச் சொல்கின்றன. நாம் பார்க்கவேண்டியது சுற்றியிருக்கிற முட்டைவடிவத்தை: இப்போது அதற்குள் யார், அவர் கை எங்கே?