லினக்ஸில் டூம் எடர்னல்: தடுக்காமல் ஓடும் நரகம்

விண்டோஸுக்கென்று விற்கப்படும் ஒரு ஷூட்டர் கேமை லினக்ஸில் ஓட்டினால் கிராஃபிக்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டதும், இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டை அக்கம்பக்கமாக வைத்துக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. டூம் எடர்னலைப் பொறுத்தவரை அந்த ஒப்பீட்டால் எதுவும் தெரியப்போவதில்லை. எக்ஸல்டியா கட்டத்தின் பனிமலை, சுட்ட இடத்தில் சதை பிய்ந்து எலும்பு தெரியும் மான்குபஸ் அரக்கன், துப்பாக்கி உலோகத்தில் விழும் நெருப்பொளி எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேமோடு வரும் ஷேடர்களும் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறுநிரல்கள்) டெக்ஸ்ச்சர்களும் அவையேதான். அவற்றை வரைந்து தருவதும் அதே கிராஃபிக்ஸ் கார்டுதான். 2021 ஜூன் அப்டேட்டில் வந்த ரே டிரேசிங்கும், என்விடியா கார்டுகளில் டிஎல்எஸ்எஸும் லினக்ஸிலும் வேலை செய்கின்றன. ஆனால் இது நின்று ரசிக்கிற கேம் அல்ல. நின்றால் செத்தோம். ஆகவே இதன் கிராஃபிக்ஸை ஓட்டத்தில்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் தரத்தைச் சொல்லும் அளவு ஒன்றே ஒன்று: ஃப்ரேம் டைம், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் திரைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம்.

சராசரி எஃப்பிஎஸ் என்ற எண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நொடிக்கு 100 ஃப்ரேம் என்று இரண்டு கணினிகளும் காட்டலாம். ஒன்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒழுங்காக 10 மில்லி விநாடியில் வந்துகொண்டிருக்கும். இன்னொன்றில் பெரும்பாலானவை 8 மில்லி விநாடியில் வந்துவிட்டு, இடையிடையே ஒன்று 60-க்குத் தாவும். காகிதத்தில் இரண்டும் சமம்; விளையாடுகிறவர் கைக்கு அப்படி இல்லை. மரோடர் என்ற எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கேடயத்தால் எல்லாக் குண்டையும் தடுப்பவன், கோடாரியை ஓங்கும்போது கண் பச்சையாக மின்னும். அந்தக் கணத்தில் சூப்பர் ஷாட்கன் வெடித்தாக வேண்டும். அந்த மின்னலின்போது ஒரு ஃப்ரேம் தடுக்கிவிட்டால் டெக்ஸ்ச்சர் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்? ஃப்ரேம் அளவுகளைக் காட்டும் மேங்கோஹட் கருவியைத் திறந்து திரை ஓரத்தில் ஃப்ரேம் டைம் வரைபடத்தை ஓடவிட்டு வாரக்கணக்கில் இந்தக் கேமை ஆடியதில் நான் கண்டது ஒரு தட்டையான கோடு. சூப்பர் கோர் நெஸ்ட் கட்டத்தின் நெரிசலான சண்டைகளில்கூட அது ஏறுகிறதே தவிர எகிறுவதில்லை. நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி இது.

இதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைன் 1993-இல் தொடங்கிய திட்டம்; அதன் மேல் 2018 ஆகஸ்டில், ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் கட்டியது புரோட்டான். இரண்டுமே வேறொரு கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர்கள் அல்ல. கேமின் கட்டளைகளைச் சிப் நேரடியாகவே இயக்குகிறது. கோப்பு, ஒலி, மவுஸ், சாளரம் போன்றவற்றுக்காக விண்டோஸிடம் கேட்கப்படுவதை மட்டும் லினக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுக்கின்றன. மற்ற கேம்களில் விண்டோஸின் கிராஃபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸை, லினக்ஸிலும் ஓடும் வல்கனாக மாற்றும் வேலையும் சேரும். டூம் எடர்னலில் அதுவும் கிடையாது. இதன் இட் டெக் 7 எஞ்சின் விண்டோஸிலேயே வல்கனில் மட்டும்தான் வரைகிறது. அந்த அழைப்புகள் ஏறக்குறைய அப்படியே லினக்ஸ் டிரைவருக்குப் போய்விடுகின்றன. தவிர, இந்தக் கேமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேரின் எஞ்சின்களில் ஷேடர் வகைகளைக் குறைவாக வைத்துக்கொள்வது பழக்கம். ஆயிரக்கணக்கான ஷேடர்களைச் சண்டைக்கு நடுவே தொகுக்க வேண்டிய கேம்கள்தாம் தடுக்கும். இங்கே அந்தச் சுமையே சிறியது.

அப்படியானால் இது எளிதான பரீட்சை, இதை வைத்து லினக்ஸுக்குச் சான்றிதழ் தரலாமா என்று கேட்பவர்கள் சொல்வது நியாயம். தரக் கூடாது. டைரக்ட்எக்ஸ் 11 ஷூட்டர்களை, அந்த மாற்றும் வேலையைச் செய்யும் டிஎக்ஸ்விகே வழியாக ஓட்டும்போது, புதிய வெடிப்பு, புதிய எதிரி என்று முதன்முறை வரும் இடங்களில் தடுக்கல் பல ஆண்டுகளாக உண்மையாகவே இருந்தது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, வல்கனின் புதிய வசதி ஒன்றைக் கொண்டு ஷேடர்களைத் துண்டு துண்டாக முன்கூட்டியே தொகுக்கத் தொடங்கியபின் அது வெகுவாகக் குறைந்தது. ஸ்டீமும் கேம் திறக்கும் முன் ஷேடர்களைத் தயார்செய்து ஒரு பட்டையில் எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிறது. அதன் பக்கத்திலேயே தவிர்ப்பதற்கும் ஒரு பட்டன். அந்தப் பட்டனை அங்கே வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதை அழுத்திவிட்டு உள்ளே போய் முதல் அறையிலேயே தடுக்கினால், விளையாடுகிறவர் குறை சொல்வது லினக்ஸைத்தான். சில நிமிடம் பொறுக்கச் சொல்லி ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம்.

இட் சாஃப்ட்வேர் மேல் எனக்குள்ள வருத்தம் இதைவிடப் பெரியது. 1997-இல் அவர்கள் முதல் டூமின் மூலநிரலைத் திறந்துவிட்டபோது கொடுத்ததே லினக்ஸ் பதிப்பைத்தான். ஏனென்றால் டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் வேறொருவரின் உரிமை. குவேக் 3-க்கும் டூம் 3-க்கும் லினக்ஸ் பதிப்புகள் வந்தன. அந்த மரபு பிறகு அறுந்தது. ஆனால் 2020 மார்ச்சில் டூம் எடர்னல் வந்தபோது கூகுளின் கிளவுட் கேம் சேவையான ஸ்டேடியாவிலும் வந்தது. ஸ்டேடியா சர்வர்கள் ஓடியது லினக்ஸிலும் வல்கனிலும்தான். அதாவது இந்தக் கேமுக்கு லினக்ஸ் பதிப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் ஸ்டேடியா மூடப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய லினக்ஸ்காரர்கள் கைக்கு அந்தப் பதிப்பு வரவே இல்லை. கூகுளின் சர்வருக்காக எழுதியது எல்லா லினக்ஸ் கணினியிலும் அப்படியே ஓடாது, ஆதரவு தரச் செலவாகும் என்பார்கள். சரிதான். ஆனால் விண்டோஸ் பதிப்பையாவது கெடுக்காமல் இருந்திருக்கலாமே. 2020 மே மாதம் அப்டேட்டில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான டெனுவோ ஆன்டி-சீட்டைச் சேர்த்ததும் புரோட்டானில் கேம் ஓடாமல் போனது. பரவலான எதிர்ப்புக்குப் பிறகே அதை நீக்கினார்கள்.

குறை என்று நான் உறுதியாகச் சொல்வது, ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர். பிளாஸ்மா குண்டின் நீலமும் ஆர்ஜென்ட் ஆற்றலின் சிவப்பும் எச்டிஆர் திரையில் வேறு தரத்தில் ஒளிரும். விண்டோஸில் அதற்கு இரண்டு சுவிட்ச் போதும். லினக்ஸில் பழைய எக்ஸ்11 டெஸ்க்டாப்பில் வழியே இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ பிளாஸ்மா 6 போன்ற வேலண்ட் டெஸ்க்டாப்பும், பெரும்பாலும் ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் அதற்கான ஒரு வரியும் வேண்டும். ஸ்டீம் டெக் ஓஎல்இடி வாங்கியவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. எச்டிஆர் மானிட்டருக்குப் பெரும் பணம் கொடுத்து, டெர்மினல் பக்கமே போக விரும்பாதவர்கள் இந்த ஒரு கேமுக்கு விண்டோஸையே வைத்துக்கொள்ளலாம். சாதாரண மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் விண்டோஸை வைத்திருந்தால், அந்தப் பார்ட்டிஷனை இன்றே அழித்துவிடலாம்.